மூடிக்குள் சந்தனம்

"நேத்து பூஜைல யாராச்சும் கார் பானட்டைத் தொறந்தாங்களா, பாப்பா?"

டிரைவர் கரீமுல்லா பாய் அப்படிக் கேட்டபோது சுந்தரவல்லி ஓர் 'ஆமாம்' சொல்லியிருந்தால் போதும். அவளோ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டாள். ஆட்டி முடித்த பிறகுதான் அது பொய் என்று உறைத்தது.

பாய் இன்ஜின் மேல் கிடந்த சாமந்தி இதழைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருதரம் இருமி, பின்னால் குழாயில் 'டப்' என்று வெடித்தது. ஆனால் பிடிக்கவில்லை.

"இன்னா பாய், இருமிக்கினே கீது. கஷாயம் வெச்சுக் குடுக்கறதா?" என்றான் காவல்காரன் கபாலி.

"நீ வாய மூடிக்கினு முன்னாடி ஹேண்டிலப் போட்டுச் சுத்து."

விஜயதசமிக் காலை ஏழு மணி. எட்டு மணி ரயிலுக்கு மதுரையிலிருந்து அக்காவின் மாமனார் எழும்பூரில் வந்து இறங்குகிறார். தியாகராய நகரிலிருந்து கார் போயாக வேண்டும். அவள் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பா, வைரவன் செட்டியார், வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஜவுளிக்கடையில் கூட்டம் நெரியும்போதுகூட அவர் இப்படி நடப்பதில்லை.

சுந்தரவல்லி பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று சரஸ்வதி பூஜைக்குத் தம்பியின் புத்தகங்களை அடுக்கினார்கள். அவளுடையது என்று வைக்க ஒன்றும் இல்லை. காருக்கு மாலை போட்டு, பானட்டிலும் சக்கரத்திலும் பொட்டு வைத்துவிட்டு எல்லோரும் சுண்டலுக்குப் போய்விட்டார்கள். வேலை செய்வது உள்ளே இருக்கிறது, பொட்டு மட்டும் வெளியே எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. மாடி ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள்: பாய் இன்ஜினில் கறுப்பு மூடி ஒன்றின் இரண்டு கிளிப்பையும் தள்ளித் திறந்து, உள்ளே மெல்லிய துணியால் துடைப்பார். அதுதான் இன்ஜினுக்குக் கர்ப்பக்கிரகம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அந்த மூடியைத் திறந்து, உள்ளே தெரிந்த பித்தளைக் குமிழ் ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, திரும்ப மூடிவிட்டாள்.

பாய் பெட்ரோல் குழாயைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்தார். தாராளமாக வந்தது. ஒரு பிளக் ஒயரை உருவி இரும்புக்கு அருகில் காட்டியபடி, கபாலியை ஹேண்டில் சுற்றச் சொன்னார். நீலமாகத் தெறிக்க வேண்டிய பொறி, அணையப்போகிற பீடி நுனிபோல் சிவந்து மறைந்தது.

"பெட்ரோல் வருது மொதலாளி. நெருப்புதான் நோஞ்சானா கீது. இன்னும் ஒரே ஒரு எடம் பாக்கணும்."

"ஒரு எடமும் பாக்க வேணாம்" என்றார் அப்பச்சி. "ரேஷன் கூப்பன்ல வாங்கின பெட்ரோலை வித்துப்புட்டு மண்ணெண்ணெயக் கலந்து ஊத்தினா வண்டி இப்படித்தான் நிக்கும்னு பஜார்ல சொல்றாக. யுத்தம் உனக்கு நல்ல யோகமாப் போச்சு. கபாலி, அவன் பையப் பாரு."

பாயின் கை ஒயரைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. ஒன்பது வருஷமாக இந்தக் காரை ஓட்டுகிறவர். கபாலி தயங்கித் தயங்கிப் பையைத் தரையில் கவிழ்த்தான். ஒரு துண்டும் தொழுகைத் தொப்பியும் தூக்குச் சட்டியும் விழுந்தன.

"சட்டியையும் தொற."

கபாலி திறந்து மோந்து பார்த்தான். "பெட்ரோல் இல்ல மொதலாளி. கருவாட்டுக் கொழம்பு."

வேலைக்காரி சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுந்தரவல்லி கீழே பார்த்தாள். அந்தத் தொப்பி அவள் காலடியில் கிடந்தது.

"இன்னிக்கோட உன் கணக்கு..." என்று அப்பச்சி ஆரம்பித்தார்.

"நான்தான்."

குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"என்ன ஆத்தா நான்தான்?"

அவள் ஆண்கள் நிற்கிற இடம் என்பதையும் மறந்து காரண்டை போய், அந்தக் கறுப்பு மூடியைத் தொட்டுக் காட்டினாள்.

பாய் கிளிப்புகளைத் தள்ளி மூடியைத் திருப்பினார். ராத்திரி பெய்த மழையின் ஈரத்தில் சந்தனம் காயவே இல்லை. குங்குமம் கரைந்து, குமிழுக்குக் குமிழ் சிவப்புக் கோடாக ஓடியிருந்தது.

"பிளக்குக்குப் போவ வேண்டிய மின்சாரம் இந்த ஈரத்துமேல ஓடிப்போய்க்கினு இருந்துச்சு" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. துணியால் துடைத்தார். ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாகத் துடைத்தார். நெருப்புப் பெட்டியின் உரசும் பட்டையால் தேய்த்து, ஊதி, மூடியை மாட்டினார். உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

இரண்டாம் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அப்பச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடி ஆத்தாடி! மெஷினுக்கும் பொட்டு வச்சிருக்கா பாருங்க! சரி சரி, எடுய்யா வண்டிய. இப்பவே மணி ஏழே முக்கால்."

பாய் இறங்கினார். தரையில் கிடந்த துண்டை உதறி மடித்தார். சட்டியை மூடினார். சுந்தரவல்லி குனிந்து தொப்பியை எடுத்து நீட்டினாள். அதை வாங்கித் தூசி தட்டிப் பைக்குள் வைத்தார்.

"கரீமுல்லா, ஏறுய்யா. எங்க போற?"

ஷெட்டில் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை.

"யோவ்! ரயில் வந்துடும்யா!"

கரீமுல்லா பாய் கேட்டைத் திறந்து, வெளியே போய், சத்தம் வராமல் அதைச் சாத்திவிட்டுப் பாண்டி பஜார் பக்கமாக நடந்தார்.