தொரைக் கசாயம்

பால் தொண்டைக்குள் இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. பெத்தம்மாள் பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் தம்பியின் மோவாயைத் துடைத்தாள்.

"இவன் பாலுக்கு இழுக்கல. மனசு வேற எங்கயோ கெடக்கு," என்றாள்.

உசிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஊரில் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். மண்ணாசை என்றார் ஒருவர். புஞ்சையில் ஒரு பிடி மண் அள்ளிவந்து கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பொன்னாசை என்றாள் ஒருத்தி. மகள் பேச்சி தன் தோட்டைக் கழற்றி உரசி அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள். கருவாட்டுக் குழம்பைத் தொட்டு உதட்டில் தடவியவர்களும் உண்டு. இருளப்பசாமி எதையும் உள்ளே வாங்கவில்லை. கண்ணையும் மூடவில்லை.

பேச்சிக்கு இதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனவர் அப்பா. சிலோனில், மலைத் தோட்டத்துத் தொரைமார் கூடிக் குடிக்கிற கிளப்பில் அவருக்கு வேலை. நடுவில் வந்துபோனதெல்லாம் விருந்தாளி வந்துபோன மாதிரிதான். உலகச் சண்டை முடிந்த பிறகு மொத்தமாக ஊர் திரும்பியபோது பேச்சியின் அம்மா உயிரோடு இல்லை. பேச்சி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பொங்கிப் போட்டாள். அவரோ அவளை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பொம்பளையைக் கூப்பிடுகிற மாதிரி. போவதற்குள் ஒரே ஒரு தடவை 'பேச்சி' என்று கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அவள் ஏங்கினாள். ஊர் அவருடைய ஆசையைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் தன் ஆசையைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரமாகக் கிடந்த பிரம்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய கையோடு அருப்புக்கோட்டையில் வாங்கி வண்டியில் ஏற்றிவந்தது அது. ஆனால் ஒருநாளும் அவர் அதில் உட்கார்ந்ததில்லை. வேறு யாராவது உட்காரப் போனாலும், "அதுல ஆளு இருக்காக," என்பார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தவர்களும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். நிழலுக்கு வீட்டுக்குள் ஓடிவருகிற கோழிகள்கூட அதன் அடியில் ஒதுங்கிப் பேச்சி பார்த்ததில்லை.

உச்சிப் பொழுதானது. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கண்மாய்க் கரைக் கருவேல மரங்கள் ஆடாமல் நின்றன. கட்டிலில் இருளப்பசாமியின் உதடுகள் அசைந்தன.

"இந்தா வாரேங்க... ஆயிருச்சுங்க... ஒரு நிமிசங்க."

சொன்னது நாற்காலியிடம். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நடுவில் எதையோ பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, காதோரமாக ஆட்டினார்.

"எமனுக்குப் பதில் சொல்றான்," என்றாள் பெத்தம்மாள். சொல்லிவிட்டு அவளே பயந்து திருநீற்றை எடுக்கப் போனாள்.

அந்த நேரத்தில்தான் ராஜகுரு வந்து சேர்ந்தார். இருளப்பசாமிக்குச் சித்தப்பா மகன். பாளையம்பட்டியில் இருக்கிறார். அதே கிளப்பில் அடுப்படி வேலை பார்த்தவர். தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசற்படி ஏறியவர், ஆடிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"எப்பருந்து இப்பிடிக் கைய ஆட்டுறாரு?"

"நேத்துலருந்து, சித்தப்பா. என்ன நடுக்கம்னு தெரியல," என்றாள் பேச்சி.

"நடுக்கம் இல்ல தாயி. சரக்குக் கலக்குறாரு."

அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், மாட்டுக் கொட்டத்து நிழலில் வைத்துச் சொன்னார்.

"அண்ணன் பெட்டியில பிட்டர்ஸுன்னு ஒரு பாட்டிலு வச்சிருப்பாரு, பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறாள். பாட்டிலைவிடப் பெரிய காகிதத்தைச் சுற்றி, அது கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு வயிறு வலித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பார். கிராம்பும் பட்டையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலுமாக ஒரு வாசம், பின்னாலேயே நிலவேம்பு மாதிரி ஒரு கசப்பு. தெருவில் அதற்குத் தொரைக் கசாயம் என்று பேர்.

"சரக்குக்கு அது பெருங்காயம் மாதிரி," என்றார் ராஜகுரு. "ரெண்டு சொட்டுக்கு மேல யாரும் விடமாட்டாக. சண்டைக் காலத்துல கப்பலு நின்னுபோச்சு. விஸ்கி இல்ல, ஜின்னு இல்ல. இந்தக் கசாயந்தான் அலமாரி நெறயக் கெடந்துச்சு. அண்ணன் என்ன செஞ்சாரு, பெருங்காயத்தையே சோறாப் பொங்கிட்டாரு. அவுன்ஸுக் கணக்குல கசாயம், அதுக்கு எலுமிச்சம் சாறு, சீனிப் பாகு, ஐஸு. குலுக்கி ஊத்துனா செகப்பா நொரை கட்டி நிக்கும். மத்தத் தொரைமாரு மூஞ்சியச் சுளிச்சாக. ஒருத்தரு மட்டும் அதுக்குன்னே மத்தியானந்தோறும் வருவாரு. அங்கயும் இந்த மாதிரி ஒரு பெரம்பு நாக்காலி, எப்பவும் அதுலதான் உக்காருவாரு."

"சரி."

"ஒருநா மணியடிச்சுக் கேட்டாரு. அண்ணன் 'இந்தா வாரேங்க'ன்னு உள்ள வந்தா எலுமிச்சம்பழம் இல்ல. நான் ஓடிப்போயி வாங்கியாந்தேன். கலக்கிக் கொண்டுபோறதுக்குள்ள தொரை உக்காந்த எடத்துலயே முடிஞ்சுபோனாரு. கண்ணு தொறந்தே இருந்துச்சு. அண்ணன் வார வழியத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு."

பேச்சி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் தெனமும் மத்தியானம் அவரு வந்து ஒக்காந்திருக்காருன்னு அண்ணன் சொல்லுவாரு. நான் நம்பல." ராஜகுருவின் குரல் இறங்கியது. "நீங்க அண்ணனுக்கு என்ன ஆசைன்னு தேடுறீக. கேட்டுட்டுக் காத்திருக்கிறது வேற ஆளு, தாயி. ஊத்த வேண்டியது இவரு வாயில இல்ல."

பேச்சி பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்ததும் பெத்தம்மாளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"கள்ளுக்கடையவே மூடிப்புட்டான் சர்க்காரு. நீ சாவு வீட்டுல சரக்குக் காச்சப்போறியா?"

"கசாயந்தான், அத்தை."

"யாருக்கு?"

பேச்சி சீனி டப்பாவைத் திறந்தாள். சீனிக்கு எங்கே போக, ரேஷனில் வந்தது தீர்ந்துபோயிருந்தது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டினாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பால் ஊற்றிய பாலாடையையே கழுவி, அதில் கசாயத்தை அளந்து அளந்து விட்டாள். ஐஸுக்குப் பதில் பானைத் தண்ணீர். எல்லாவற்றையும் செம்பில் ஊற்றி, தட்டத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்கினாள்.

செம்பு குலுங்கத் தொடங்கியதும் கட்டிலில் அவர் கைகள் நின்றுவிட்டன.

பெத்தம்மாள் அதைப் பார்த்தாள்.

கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் வைத்தாள் பேச்சி. வீடெல்லாம் கிராம்பு வாசம். இருளப்பசாமி தம்ளரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி தம்ளரைப் பார்த்தார். நுரை மெல்ல அடங்கியது. தம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் முகம் சுருங்கத் தொடங்கியது.

"புடிக்கலீங்களா?" என்றார்.

நாற்காலியில் ஒரு அசைவும் இல்லை.

"நல்லால்லீங்களா? வேற போட்டுக் கொண்டாரட்டுங்களா?"

கைகள் மறுபடி எழ முயன்று, முடியாமல் விழுந்தன. எத்தனை நாள் சோறாக்கிப் போட்டு, நல்லாருக்காப்பா என்று பேச்சி இவரிடம் கேட்டிருப்பாள். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்து ஒரு பதில் சொன்னதில்லை. அந்த நல்லால்லீங்களாவில் இருந்த தவிப்பில் கால்வாசி தனக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று தோன்றியது. பொறாமையாக இருந்தது. அதைவிடப் பாவமாகவும் இருந்தது. குடிக்க ஆள் இல்லாமல் இந்தத் தம்ளர் காலியாகப்போவதில்லை, காலியாகாமல் அவரும் போகப்போவதில்லை.

எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிரம்பு சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோனதுபோல. தம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். புளிப்புதான் முதலில் தெரிந்தது. பிறகு கருப்பட்டி. பிறகு எங்கிருந்தோ கசப்பு ஏறிவந்து நாக்கு, தொண்டை, காது மடல்வரை பிடித்துக்கொண்டது. நிறுத்தாமல் கடைசிவரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பிறந்ததிலிருந்து அவர் அவளை அப்படிக் கண்ணுக்குக் கண் பார்த்ததில்லை. முகத்தில் அவ்வளவு அக்கறை. 'அப்பா, நாந்தான், பேச்சி' என்று சொன்னால் போதும். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் ஒருவேளை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுத் தலையைத் திருப்பி, மறுபடி வேறு ஆளைத் தேடுவார்.

"இன்னொண்ணு போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"போதும், டாமி," என்றாள். "நீ போலாம்."

"சரிங்க."

அவ்வளவுதான். வேலை முடிந்து படியிறங்குகிறவன் முகம் அவருக்கு வந்தது. உள்ளே போன மூச்சு திரும்பி வரவில்லை.

பெத்தம்மாள் தம்பியின் மார்பில் விழுந்து ஒப்பாரியை எடுத்தாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். பேச்சிக்கு அழுகை வரவில்லை. வாயெல்லாம் கசப்பாக இருந்தது. பேசியது தன் வாய்தான் என்று தெரிந்தது. என்ன பேர் சொன்னோம் என்பது இப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

ராஜகுரு சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"அந்தப் பேர அண்ணன் ஒங்கிட்டச் சொல்லியிருந்தாரா?"

"இல்லையே, சித்தப்பா. எனக்கு என்னவோ வாயில வந்துச்சு."

"அது அந்தத் தொரை வளத்த நாயோட பேரு. நாயி செத்த பெறகு, அதையே அண்ணனுக்கு வச்சுக் கூப்பிட்டாரு. அவரு ஒருத்தருதான் கூப்பிடுவாரு. ஊருல மூச்சு விடக்கூடாதுன்னு, அண்ணன் எங்கிட்டச் சூடத்த அணைச்சுச் சத்தியம் வாங்கியிருந்தாரு."

பேச்சி அவரையே பார்த்தாள். "கையக் குடுங்க, சித்தப்பா. என்னால எந்திரிக்க முடியல," என்றாள்.

ராஜகுரு கையை நீட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாற்காலிக்குச் சற்றுத் தள்ளியே நின்று, தரையைப் பார்த்தபடி, "மெள்ள எந்திரிச்சு வாங்க," என்றார்.