மூத்தவளோடு ஒரே குழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் காலத்து மாதா கோயில் ஒன்றின் திருவிழா மலருக்கு, கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பற்றி வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்:

‘கடலில் வரும் கப்பலுக்குத் தெரியட்டும் என்று உயர்த்திக் கட்டிய அந்த மணிக்கூண்டு…’

(வெட்டியாயிற்று. எல்லா மணிக்கூண்டுக்கும் இதையேதான் எழுதுகிறார்கள்.)

‘தோட்டத்தின் வடக்கு மூலையில் துரைமார்களும், அவர்களிடம் வேலை பார்த்த…’

இந்த வாக்கியம் முடியவில்லை. துரைமார் கல்லறைக்குப் பின்னால் செல்வம்மாள் சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தாள். அதோடு வரலாறு போயிற்று.

2

கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டதால், புருஷன் ஆரோக்கியஜோசப்பின் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்திருந்தாள். சிலுவைக்கும் அவர் பெயரைச் சுற்றியும் இரண்டு பூச்சு. கீழே இன்னொரு பெயர் இருக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளையடிக்கும் மட்டை போகவே இல்லை. அது அவருடைய முதல் மனைவி. இவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்பே செத்துப்போனவள்.

“கட்டுரையில என்ன வேணா எழுதிக்குங்க. அவ பேர மட்டும் போடாதீங்க” என்றாள்.

(ஜூலியட். செல்வம்மாள் அடைப்புக்குறிக்குள் எல்லாம் எட்டிப் பார்க்கமாட்டாள் என்ற தைரியம்தான்.)

ஒரு வரைவில் இந்த இடத்தில் அவளை அழவைத்தேன். பொருந்தவில்லை. இந்த வயதில், கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தி மேல் பொறாமை இருக்குமா என்று எனக்கே சந்தேகம். இருக்கிறது. வயிறு எரிகிறது அவளுக்கு. குழம்பு ஊற்றினால் அவர் “ம்” என்பாராம். அந்த “ம்” யார் குழம்பை நினைத்து என்று காலமெல்லாம் யோசித்திருக்கிறாள்.

3

சிக்கல் இதுதான். தோட்டத்தில் இனிப் புதுக் குழிக்கு இடமில்லை. சொந்தக் கல்லறை உள்ளவர்கள் அதையே திறந்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு வரிச்சிக்குடிப் பக்கம் புது நிலம். தான் செத்தால் எது வேண்டும் என்று செல்வம்மாள் திருநாளுக்குள் பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். புது நிலத்துக்குப் போனால் அந்த இரண்டு பேரையும் இங்கே தனியாக விட்டதாகிவிடும். அதற்கு அவள் சம்மதிக்கவே மாட்டாள்.

இங்கேயே இருந்தால்? குழி வெட்டும் கதிரவனைக் கேட்டாள்.

“பழைய எலும்பையெல்லாம் எடுத்து வெள்ளைத் துணியில கட்டி, உங்க கூடவே வச்சிருவோம்மா. அதான் வழக்கம்.”

“ரெண்டு பேரையும் ஒண்ணாவா?”

“ஆமாங்க.”

“தனித்தனியா கட்டு.”

“எது யாருதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

வாளியைக் கீழே வைத்தாள். தான் ஒருத்தி தனியே கிடக்க, அவர்கள் இரண்டு பேரும் ஒரே துணிக்குள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, மூட்டைய எங்க வைப்ப?”

“கால்மாட்டுல.”

“அவரு என் காலடியிலயா? பாவம் புடிக்கும்.”

“அப்ப தலமாட்டுல வச்சிருவோம்.”

“அவ என் தல மேல ஏறி உக்காரவா?”

4

முடிவு அ: புது நிலமே போதும் என்று வீட்டுக்குப் போகிறாள். (பொய். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு ஆ: மனம் மாறி, கீழே உள்ள பெயருக்கும் வெள்ளையடிக்கிறாள். (மலர்க் குழுவுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இ: கதிரவன் மண்வெட்டியை ஊன்றி நிற்கிறான். “எங்கதான் வைக்கட்டும், சொல்லுங்கம்மா.” காலும் இல்லை, தலையும் இல்லை என்றால் மிச்சம் ஒரே இடம்தான். மார்போடு சேர்த்து, கைக்குள் வைக்க வேண்டும். அவரை அணைத்தால் அவளையும் அணைத்தாக வேண்டும். செல்வம்மாளின் கை நெஞ்சு வரை வந்து அப்படியே நின்றுவிட்டது…

அதை அவள் வாயால் சொல்லவைக்க எனக்குத் துணிவில்லை. இவ்வளவு நேரம் அவள் கூடவே நின்றீர்களே, கதிரவனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.