வேன்காரம்மாவின் வாரண்டி

காலை பத்தரை மணிக்கு இருவரும் ஷோரூமுக்குள் நுழைந்தபோது, விற்பனையாளர் தையல்காரருக்குத்தான் கை கொடுத்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தையல்காரரின் மனைவிக்கு ஒரு புன்னகை கிடைத்தது. தன் நாற்காலியை அந்த அம்மாளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாங்கப்போவது பதினான்கு பேர் உட்காரும் வேன். ஒன்பது வருடமாக அந்த அம்மாள் இன்னொருவரின் வேனைச் சம்பளத்துக்கு ஓட்டிவந்தார். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் ஒரு தொழிற்சாலையின் ஷிஃப்ட் ஆட்கள். 'வேன்காரம்மா' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் சேர்த்து வைத்த பணத்தில்தான் இந்தப் புது வேன். தையல்காரருக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஸ்கூட்டரில் ஏறி, நேராகப் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் நின்றவர், அத்தோடு அந்த ஆசையை விட்டுவிட்டார்.

ஆனாலும் முன்பதிவுப் படிவத்தில் இருந்தது அவர் பெயர்தான். அப்படி யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. விற்பனையாளர் "சார், உங்க பேரு?" என்று கேட்டார், அவர் சொன்னார், அவ்வளவுதான்.

இன்றைக்கு இன்னொரு படிவம், கூடவே விதிமுறைகள் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தோடு மேசைக்கு வந்தது.

"சார், இது எக்ஸ்ட்ரா வாரண்டி. கம்பெனி குடுக்குறது மூணு வருஷம், இல்லேன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர். இதையும் போட்டுட்டீங்கன்னா மேல ரெண்டு வருஷம். அஞ்சு வருஷத்துக்கு எது போனாலும் நாங்க பாத்துக்குவோம். நீங்க காலை நீட்டித் தூங்கலாம்."

"எத்தன கிலோமீட்டர் வரைக்கும்?" என்று கேட்டார் வேன்காரம்மா.

விற்பனையாளர் தையல்காரரைப் பார்த்தே பதில் சொன்னார். "ஒரு லட்சத்து இருபதாயிரம் சார். அவ்ளோ தூரமெல்லாம் யாரும் ஓட்ட மாட்டாங்க."

"நான் ஓட்டுவேனே. சரி, வாடகைக்கு ஓட்டுற வண்டிக்கும் இது உண்டா?"

"எல்லாத்துக்கும் உண்டுக்கா" என்று படிவத்தைப் பார்த்தபடியே சிரித்தார் அவர். "சார், அக்காவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்க. இன்னையோட இந்த ஆஃபர் முடியுது, நாளைக்குக் கேட்டா கிடைக்காது. உங்கள மாதிரி விவரமானவங்க யாரும் இத விட்டதில்ல."

விவரமானவர் என்று தையல்காரரை யாரும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. கடையில் காலையிலிருந்து மாலைவரை 'இது இறுக்கம், அது தொளதொளப்பு' என்று குறை கேட்டே பழகிய காது. இங்கே டை கட்டிய ஒருவர் வாய்க்கு வாய் 'சார்' போடுகிறார். கியர்பாக்ஸ் எது, கிளட்ச் எது என்று தெரியாவிட்டாலும், எல்லாம் தெரிந்தவர்போல அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வேன்காரம்மா அவர் முழங்கையை மெல்லத் தொட்டார். "என்னங்க, புத்தகத்த வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவ படிச்சிட்டு..."

"இதுல படிக்க என்னம்மா இருக்கு? நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாரண்டிப் பணத்தை மறுநாள் வண்டி எடுக்கும்போது கட்டலாம் என்றார்கள். அது வேன்காரம்மாவின் ஒரு மாதச் சம்பளம்.

திரும்பும் வழியில் பேருந்தில் தையல்காரர்தான் பேசிக்கொண்டே வந்தார். புது வேனின் நிறம், சீட்டுக்குத் தைக்க வேண்டிய உறை என்று என்னென்னவோ. வேன்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கோபமென்றுகூடச் சொல்ல முடியாது. மழை, பனி, பரீட்சை நாள் என்று பாராமல் ஒன்பது வருடம் வண்டி ஓட்டியவருக்கு, தன் வண்டியைப் பற்றிக் கேட்ட இரண்டு கேள்விக்கும் தன் முகம் பார்த்து ஒரு பதில் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

அன்று மாலை பள்ளி விடுவதற்கு முன்பே போய்ப் பழைய வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே அந்தச் சிறு புத்தகத்தைப் பிரித்தார். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. பதினோராம் பக்கத்தில் இருந்தது: கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் வண்டிக்கு இந்தக் கூடுதல் வாரண்டி செல்லாது. அவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு மணி அடித்தது, பிள்ளைகள் ஓடிவந்தார்கள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கணவரிடம் காட்டினார்.

"ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது கிலோமீட்டர் ஓட்டுறேன். மாசத்துக்கு மூவாயிரத்தி ஐநூறு. அவங்க மேல குடுக்குறது வெறும் இருபதாயிரம். அவங்க சொல்ற ரெண்டு வருஷம் எனக்கு ஆறு மாசத்துலயே முடிஞ்சிடும். அந்த ஆறு மாசமும் கிடையாதுன்னு இங்க போட்டிருக்கு, பாருங்க."

தையல்காரர் பார்த்தார். புரிந்தது. புரிந்ததுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் போய் வேணாம்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"அவரு நெனக்கிறது இருக்கட்டும். நான் என்ன நெனப்பேன்னு யோசிச்சீங்களா?"

தையல்காரர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். 

மறுநாள் சனிக்கிழமை. தையல்காரர் காலையிலேயே கடையைத் திறந்தார். முதல் ஆளாக ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கு ஒரு கோட்டு தைக்க வேண்டுமாம். அளவு நாடாவோடு தையல்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "கை நீளம் எதுவரைக்கும் வேணும்மா?" என்று கேட்டார்.

"மணிக்கட்டு வரைக்கும் வைங்க" என்றார் கணவர்.

"இடுப்புப் பக்கம்?"

"கொஞ்சம் பிடிப்பா இருக்கட்டும்" என்றார் மறுபடியும் கணவர்.

அந்தப் பெண் எதுவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். முப்பது வருடத் தொழில் தையல்காரரைப் பேசவைத்தது. "சார், கோட்டு போட்டுக்கிட்டு நடக்கப்போறது அவங்க. அவங்களச் சொல்ல விடுங்க."

"நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன்" என்றார் அந்தப் பெண் சட்டென்று. "நாளெல்லாம் குனிஞ்சு நிமிரணும். பிடிப்பா இருந்தா தையல் விட்டுரும். கையும் முக்கால் போதும், அடிக்கடி கழுவணும்." கணவர் அசடு வழிந்தார். "இத நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே?" "நீங்க எங்க கேட்டீங்க?"

அவர்கள் போன பிறகும் தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே நின்றார். யாரோ ஒரு கணவனுக்கு அத்தனை சுலபமாகச் சொல்ல முடிந்தது. அந்தக் கணவன் செய்ததையே நேற்று ஷோரூமில் தானும் செய்திருந்ததை நினைக்க, ஆளில்லாத கடையிலும் அவருக்கு முகம் சுட்டது. பாதியில் கிடந்த சட்டையை மடித்து வைத்தார், கடையைச் சாத்தினார், வீட்டுக்கு நடந்தார்.

"கிளம்பு" என்றார் மனைவியிடம். "அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்க. நீ பேசு. நான் பக்கத்துல இருக்கேன்."

வேன்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்ன திடீர்னு?"

"போற வழியில சொல்றேன்."

ஷோரூமில் விற்பனையாளர் பில்லோடு காத்திருந்தார். "வாங்க சார்!"

தையல்காரர் உட்காரவில்லை. "தம்பி, இந்த வண்டிய ஓட்டப்போறது இவங்க. பணமும் இவங்களோடது. இனிமே பேச்செல்லாம் இவங்ககிட்ட வச்சுக்கங்க."

வேன்காரம்மா பதினோராம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "இத வாசிங்க. நேத்து நான் கேட்டப்ப எல்லா வண்டிக்கும் உண்டுன்னீங்க."

விற்பனையாளர் வாசித்தார். முகம் மாறியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் விரலை நீட்டிப் பேசுவதும், இவர் தலை குனிவதும் தெரிந்தது. திரும்பி வந்தபோது டை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"உண்மைதான். நான் இத முழுசாப் படிச்சதே இல்ல. மாசத்துக்கு இத்தன விக்கணும்னு சொல்வாங்க, வித்துடுவேன். வாடகை வண்டிக்குன்னு தனியா ஒண்ணு இருக்காம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும். விலை கூட."

"அத இன்னைக்கே எடுக்கணுமா?"

அவர் தயங்கினார். "இல்ல. முதல் வாரண்டி முடியிறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்."

"அப்ப அவசரமில்ல" என்றார் வேன்காரம்மா. "ஒரு வருஷம் ஓட்டிப் பாக்குறேன். வண்டி எப்படின்னு தெரிஞ்சதும் முடிவு பண்றேன். இப்போதைக்கு வேணாம்."

பழைய படிவம் கிழிக்கப்பட்டது. "பதிவுக்குப் பேப்பர் இன்னும் அனுப்பலல்ல?" என்று கேட்டார் தையல்காரர். "அப்படின்னா பேரையும் மாத்துங்க. வண்டி இவங்க பேர்ல இருக்கட்டும்." வேன்காரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையைத் தேடினார். அது மேலேயே இருந்தும் எடுக்க நேரமானது.

சாவியைக் கொடுக்கும்போது விற்பனையாளர் நிஜமான வருத்தத்தோடு கைகூப்பினார். "நேத்து அக்கா கேட்டத நான் காதுலயே வாங்கல. மன்னிச்சிடுங்க சார்."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிப்பையும் எங்கிட்டயே கேக்குறீங்களே தம்பி! அதையும் அவங்களப் பாத்துக் கேளுங்க" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, நிதானமாகச் சொன்னார்: "உங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். தெரியாத எனக்கு 'தெரியாது'ன்னு சொல்ல வெக்கம். தெரிஞ்ச இவங்களப் பேச விட மனசில்ல. படிக்காமலே கையெழுத்தும் போட்டேன். ஆம்பளைங்கிறதுக்காக ஒருத்தனுக்கு எல்லாம் தெரிஞ்சிடாது. யாரு உழைக்கிறாங்களோ, யாரு ஓட்டுறாங்களோ, முடிவ அவங்ககிட்டதான் கேக்கணும். வீடானாலும் சரி, கடையானாலும் சரி."