பதிமூவாயிரம் கிலோமீட்டர்

சங்கரனின் மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் ஜலஜா அவர் கையை விடவில்லை. பிறகு எழுந்து போய் மகனை அழைத்தாள். "இப்பவே கிளம்பறேம்மா" என்று மட்டும் சொல்லி ஸ்ரீநாத் வைத்துவிட்டான்.

மயிலாப்பூர் வீட்டில் காலையிலேயே உறவுகள் கூடிவிட்டன. சங்கரனின் தம்பி ராம்குமார் கைப்பேசியில் பார்த்துச் சொன்னார். "டொரான்டோ பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, மன்னி. லண்டன்ல மாறி வரதுக்குள்ள நாளைக்கு ராத்திரி ஆயிடும்." ஐஸ் பெட்டி வந்தது. வாத்தியாரை நாளை மறுநாள் வரச் சொன்னார்கள்.

அந்தத் தூரம் ஜலஜாவுக்குப் புதிதல்ல. மூன்று வருடமாக மகன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பையன் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் சங்கரனே அவன் பக்கம் வாதாடுவார். "பக்கத்துலயா இருக்கான், பஸ் ஏறி வரதுக்கு?" போன ஞாயிற்றுக்கிழமை காலை மகனோடு போனில் பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. முதல் தடவையாக, "ஒரு நடை வந்துட்டுப் போயேண்டா" என்றார்.

"லீவு இல்லப்பா. வரவே ஒண்ணரை நாள் ஆகும்."

கேட்டதற்கே வெட்கப்பட்டவர்போல் சங்கரன் அவசரமாகச் சொன்னார். "சரி சரி. அங்க நடுராத்திரி ஆயிருக்குமே, நீ போய்த் தூங்கு."

"சரிப்பா. குட்நைட்."

உச்சிவெயிலில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஸ்ரீநாத் இறங்கினான். தோளில் சின்னப் பை, இஸ்திரி கலையாத சட்டை. பெண்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராம்குமார் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜலஜா மகனை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்கேர்ந்துடா வரே?"

"ஹைதராபாத். ஆபீஸ் வேலைம்மா. ரெண்டு வாரமா அங்கதான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா அப்பா வரச் சொல்லுவார். வந்தா லேசுல விடமாட்டார். அப்புறம் பார்த்துக்கலாம்னு..."

"ஞாயித்துக்கிழமை அவர் உன்னைத் தூங்கச் சொன்னாரேடா. பட்டப்பகல்ல குட்நைட் சொன்னியே."

அவன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் போகவில்லை. அழுது முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் ராம்குமார் தணிந்த குரலில் கேட்டார். "எப்படி மன்னி அதுக்குள்ள?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சங்கரன் மகனுக்காகப் பேசியதை இந்தக் கூடத்தில் கேட்காதவர்கள் யாருமில்லை. உண்மை தெரிந்தால் அந்தப் பேச்சையெல்லாம் இவர்கள் இனி சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள்.

"உடம்பு மோசமாறதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே நான்தான் கூப்பிட்டேன். உடனே கிளம்பிட்டான். காலம்பற இருந்த பதட்டத்துல எனக்குச் சொல்லத் தோணலை."

"பாத்தேளா!" என்றாள் ஒரு அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளைன்னா இப்படின்னா இருக்கணும். சங்கரன் குடுத்துவெச்சவன்."

ஜலஜா தலையை ஆட்டினாள்.

வாத்தியாருக்கு மறுபடி போன் போயிற்று. வெயில் சாயும் முன்பே எடுத்துவிட்டார்கள். ஈர வேட்டியும் நெருப்புச் சட்டியுமாக ஸ்ரீநாத் முன்னால் நடந்து தெரு திரும்பினான். பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். ஜலஜா உள்ளறைக்குப் போனாள். கதவுக் கொக்கியில் அவன் கழற்றி மாட்டிய சட்டை தொங்கியது. அதன் பையில் கைப்பேசி அதிர்ந்தது. மெல்லிய துணிக்குள் வெளிச்சம் எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. ஆளில்லாத சட்டை கதவோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.