ஐந்து குட்டி நட்சத்திரங்கள்

நாலு மணிக்குள் ஆய்வுக் கட்டுரை இதழுக்குப் போயாக வேண்டும். குண்டூசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வாய்க்குப் பயந்து வானியல் ஆய்வகத்தார் வைத்த பெயர் அது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். கட்டுரையிலும் முதல் பெயர் அவளுடையது. காலையிலிருந்து அம்மா மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள்: "பேரு வந்துடுச்சாடி?"

அகச்சிவப்புக் கேமராவில் அவள் எடுத்த ஐந்து படங்களைச் சேர்த்ததும் ஐந்து புது நட்சத்திரங்கள் தெரிந்தன. பேராசிரியர் தலைகால் புரியாமல் குதித்தார். அவளுக்குத்தான் உறுத்தியது. ஒன்றைவிட ஒன்று மங்கல், வரிசை பிசகாமல்.

படங்களைப் பிரித்துப் போட்டாள். படத்துக்கு ஒரே புள்ளி. படத்துக்குப் படம் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தாள். வானம் நகர்ந்திருந்தது, புள்ளி மட்டும் கேமராவில் அதே இடத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வானத்தை வைத்துப் படங்களைப் பொருத்தியபோது ஒன்றே ஐந்தாகிவிட்டது. பளிச்சென்ற விளக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் தெரியுமே, அந்த மாதிரித் தடம்; போகப் போக மங்கும். அவள் படம் எடுப்பதற்கு முன்னால் யாரோ ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் காட்டிக் கேமராவைக் கூச வைத்திருக்கிறார்கள்.

"எந்தப் புண்ணியவான்? எடுத்ததைக் குறிப்பேட்டுல ஒரு வரி எழுதினா கை தேஞ்சிடுமா?"

"கத்தாத குண்டூசி," என்றார் பக்கத்து மேசை சீனியர். "எடுத்த நேரமும் ஆளும் கம்ப்யூட்டர்ல இருக்கும், பாரு."

பார்த்தாள். அவளுடைய முதல் படத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், ஃபோகஸ் சரிபார்க்க ஒரு பிரகாசமான நட்சத்திரத்தின் படம். எடுத்தவர் இடத்தில் அவள் பெயர்.

குறிப்பு எழுதாதவர்களை இந்த வருடம் முழுக்கக் கிழித்துத் தொங்கவிட்டவள் அவள்.

சீனியர் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மூச்சு விடாத. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

குறிப்பேட்டை இழுத்து, விடுபட்ட வரியை எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், அஞ்சும் நட்சத்திரமில்ல. கேமராவுல தங்கின தடம். தப்பு என்னோடது."

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மணி மூன்று ஐம்பது.

"இதை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாளைக்கு அது உங்க தப்பாவும் ஆயிருக்கும் சார்."

கட்டுரையை அனுப்பத் தயாராக மவுஸில் இருந்த அவர் கை மெல்ல விலகியது. திட்டுவார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை. கையிலிருந்த போன் அதிர்ந்தது. அம்மா.

"இல்லம்மா," என்றாள், அம்மா கேட்பதற்கு முன்பே. "இந்தத் தடவை பேரு வராது."