தூக்க நாலு பேர்

அரிசி மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்து வனிதா கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது லயத்தின் வரிசை வீடுகளிலிருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளுக்கு அடியில் நீளமான இரண்டு சில்வர் ஓக் கம்புகளைக் கொடுத்துக் கட்டியிருந்தாள். முன்னால் அவள், பின்னால் பக்கத்து வீட்டுக் கெஸியா. "ம்" என்றதும் இருவரும் தூக்கினார்கள். நாலு அடி போவதற்குள் மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து, நாற்காலி சாய்ந்து, கெஸியா சேற்றில் வழுக்கி உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை ஊர்வலமாக்கா?" என்று யாரோ கேட்க, லயமே சிரித்தது.

வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பாண்டியன் சிரிக்கவில்லை. அந்த மூட்டை தான்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

"உள்ள கொண்டு போடு அதை," என்றான். பக்கவாதம் வந்த பிறகு அவன் சொற்கள் ஈரத்துணி மாதிரி கனத்து விழுந்தன. வலது கையும் வலது காலும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினைத் தனியாளாக நகர்த்தி வைப்பவன் என்று பேர் வாங்கிய உடம்பு. இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வர வனிதாவின் தோளும் ஒரு தடியும் வேண்டும். ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள்.

தேவாலாவிலிருந்து உள்ளே போகும் அந்த எஸ்டேட்டில் லயம் பள்ளத்தில் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்திட்டு, அதன் மேல் தேயிலை. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்பக்கம் கல்படிகளில் ஏற வேண்டும். ஜீப் கீழே வராது. வயநாட்டில் மலை இறங்கிய வருஷம் கெஸியா வீட்டு டிவியில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அங்கேயும் இதே போல வரிசையாக லயங்கள் இருந்திருக்கின்றன. டிவியில் வரிசை இல்லை, சேறு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து மழை பலக்கும்போதெல்லாம் வனிதா மனதுக்குள் ஒரே காரியத்தைச் செய்து பார்த்தாள்: கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து படி, படியிலிருந்து ரோடு. ஒவ்வொரு தடவையும் முதல் படியிலேயே பாண்டியனோடு நின்றுவிடுவாள்.

கிராம அலுவலகத்திலிருந்து வந்து கூட்டம் போட்டார்கள். அறிவிப்பு வந்தால் எல்லோரும் மேலே ஸ்கூலுக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். "நடக்க முடியாதவங்க என்னங்க செய்யறது?" என்று எழுந்து நின்று கேட்டாள். ஆள் அனுப்புகிறோம் என்றார் வந்தவர். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடைமழையில் மரம் விழுந்து ரோடு அடைபட்டால் அந்த ஆள் எப்படி வந்து சேருவார்? கூட்டம் முடிந்து இறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். மூடி போட்ட பக்கெட் ஒன்றில் ரேஷன் கார்டு, ஆதார், அவனுடைய மாத்திரைகள், தைலம், டார்ச் எல்லாம் போட்டு வாசல் ஆணியில் மாட்டினாள். நாற்காலிக்குக் கம்பு வெட்டினாள்.

மூட்டை விழுந்த அன்று சாயங்காலம் பாண்டியன் சொன்னான்: "சும்மா கெட வனிதா. அலர்ட் குடுத்தா நீ கெஸியா கூட ஏறிப் போயிரு. நான் இங்கயே இருக்கேன்."

"இருந்து?"

"வந்தா வரட்டும்."

"அப்ப நானும் இருக்கேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாலு பேரு தூக்கிட்டுப் போற நேரம் எனக்கு இன்னும் வரல," என்றான்.

"அது வரக்கூடாதுன்னுதாங்க இப்பவே தூக்கறேங்கறேன்."

நாலு பேர் என்பதுதான் சிக்கல். அவள், கெஸியா, கெஸியாவின் புருஷன் ஹெர்பர்ட். ஹெர்பர்ட் காற்றடித்தால் பறக்கிற ஆள். பலமுள்ள ஆண்களெல்லாம் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். லயத்தில் மிச்சமிருந்த ஒரே உரமான ஆள் கடைசி வீட்டு அய்யாவு. ஒரு வேலைநிறுத்தத்தின்போது, மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்க, அய்யாவு மட்டும் மருந்துக் காசுக்காகத் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனான். யூனியன்காரனான பாண்டியன் மாரியம்மன் கோயில் வாசலில் எல்லோர் முன்பும் அவனை அறைந்தான். அந்த மனைவி பிழைக்கவில்லை. பல வருஷமாகிவிட்டது. இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.

அவள் போனபோது அய்யாவு விறகு பிளந்துகொண்டிருந்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அவரு அனுப்பினாரா?"

"இல்லண்ணே. தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாரு."

அவன் கோடாலியின் நுனியைக் கட்டைவிரலால் தடவினான். "கன்னத்துலதான் அடிச்சாரு தங்கச்சி. அது அன்னைக்கே ஆறிருச்சு." ஆறாதது எது என்று அவன் சொல்லவில்லை.

"வருவீங்களா மாட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

அவன் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தி வைத்தான். அவள் திரும்பி நடந்தாள்.

அதற்காக நிறுத்தவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த சாயங்காலங்களில் மண்வெட்டியால் படிகளின் பாசியைச் சுரண்டினாள். வளைவில் பிடித்துக்கொள்ள மரத்துக்கு மரம் கயிறு கட்டினாள். மூட்டை இருந்த இடத்தில் கெஸியாவே உட்கார்ந்தாள். வனிதாவும் ஹெர்பர்ட்டும் தூக்கி வளைவு வரை போய்த் திரும்பினார்கள். "ஐயோ கர்த்தாவே" என்று கெஸியா கத்திய கத்தலுக்கு மறுபடி சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை சிரித்தவர்களில் சிலர் தங்கள் வீட்டிலும் பக்கெட் மாட்டினார்கள். பாண்டியன் மட்டும் ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்கவில்லை. ஒத்திகை நடக்கும்போதெல்லாம் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் இரைச்சல் நிற்காத நாட்கள். ஒரு நாள் மத்தியானத்தோடு மலையில் வேலையை நிறுத்தி அனுப்பினார்கள். வனிதா இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்பு பற்றவைக்க விறகெடுக்கப் போனாள். பின்கதவு திறக்கவில்லை. காலையில் அவள்தான் திறந்து மூடியிருந்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. காலடியில், சிமெண்ட் தரையில் முடி போல ஒரு விரிசல். நகத்தை வைத்தாள். நகம் உள்ளே இறங்கியது.

ஃபோனில் சிக்னல் இல்லை. அறிவிப்பு எதுவும் வரவில்லை. மழைச் சத்தத்தைத் தவிர எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை கூட வந்தது. எல்லோரையும் கிளப்பிவிட்டு, பின்னாலிருக்கும் திட்டு இறங்காமல் போனால் வருஷம் பூரா சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று நினைத்தபடியே முன்வாசலுக்கு ஓடினாள்.

"கெஸியா! அடுப்ப அணை. எல்லாரையும் கெளப்பு. போலாம்."

கெஸியா ஏன் என்று கேட்கவில்லை. தட்டும் கரண்டியுமாக வாசல் வாசலாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். குழந்தைகள், ஆடுகள், மூட்டைகள் என்று படி நிறைய ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். வனிதா நாற்காலியை உள்ளே கொண்டுவந்து கட்டிலருகே போட்டாள். ஹெர்பர்ட் வந்து நின்றான்.

"மூணு பேரால முடியாது," என்றான் பாண்டியன். "வனிதா, சொன்னாக் கேளு. நீ போ."

"முடியற வரைக்கும் தூக்குவோம்."

வாசல் இருண்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அய்யாவு நின்றான். தண்ணீர் அவன் தாடையிலிருந்து சொட்டியது. வனிதாவைப் பார்க்கவில்லை, பாண்டியனைத்தான் பார்த்தான்.

"தூக்கணுமா?"

பாண்டியனின் வாய் கோணியது. சொல் வர நேரமானது. "நீ... தூக்குவியா?"

"கேட்டது நான்."

பின்னால் எங்கோ ஓடு ஒன்று விழுந்து உடைந்தது. பாண்டியன் இடது கையை நீட்டினான். "தூக்கு, அய்யாவு."

முன்னால் அய்யாவும் ஹெர்பர்ட்டும், பின்னால் பெண்கள் இருவரும். பக்கெட் பாண்டியனின் மடியில். மழையில் கண் தெரியவில்லை. படி படியாக, கயிற்றில் தோளை உரசிக்கொண்டு ஏறினார்கள். மூட்டையைப் போல இல்லை பாண்டியன். மூட்டை பயப்படாது, உடம்பை அசைக்காது. வளைவில் அய்யாவின் கால் வழுக்கி, முழங்கால் கல்லில் மோதிய சத்தம் மழையிலும் கேட்டது. நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. பாண்டியனின் நல்ல கை அய்யாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அய்யாவு கம்பை விடவில்லை.

"என்னை விட்டுரு," என்றான் பாண்டியன் அவன் காதருகே. "விட்டுட்டுப் போயிருங்க."

"வாய மூடிட்டு வாய்யா!" என்று கத்திவிட்டு, முழங்காலை ஊன்றி எழுந்தான் அய்யாவு. அத்தனை வருஷத்துக்குப் பிறகு இருவருக்கும் இடையே நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஸ்கூலில் கொண்டுவந்து சேர்த்தபோது வனிதாவின் உள்ளங்கைகள் உரிந்திருந்தன. இருட்டுவதற்குள் கீழே அந்தச் சத்தம் கேட்டது. லாரி கல் கொட்டுவது போல ஆரம்பித்து, கொட்டி முடியாமல் நீண்டது. குழந்தைகள் கூட அழவில்லை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்: திட்டு முழுசும் லயத்தின் முதுகில் சாய்ந்துவிட்டது. வனிதா வீட்டு அடுப்படி ஓடு வரைக்கும் மண். கட்டில் இருந்த அறையில் சுவர் கட்டிலின் மேல் படுத்திருக்கிறது. கெஸியாவின் கோழிகள் போய்விட்டன. ஆட்களில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

பாண்டியன் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். ஹாலின் மறுகோடியில் அய்யாவு காலை நீட்டிப் போட்டிருந்தான். முழங்கால் பலாக்காய் போல வீங்கியிருந்தது.

"அவனுக்குத் தைலம் குடு," என்றான் பாண்டியன் மெதுவாக.

பக்கெட்டிலிருந்து தைலப் புட்டியை எடுத்து அவனுடைய இடது கையில் வைத்தாள் வனிதா. "நீங்களே கூப்பிட்டுக் குடுங்க."

அவன் கூப்பிட்டானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி எங்கே வீடு தருவார்கள், எப்போது தருவார்கள், ஒன்றும் தெரியாது. மகளிடமிருந்து ஃபோன் வரும், திருப்பூருக்கு வா என்பாள். அதெல்லாம் அப்புறம். கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தாண்டி, யாரும் போகாத ஸ்கூலின் பின்பக்கத்துக்குப் போனாள்.

அங்கேயும் ஒரு திட்டு இருந்தது. கல்சுவர் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மலைத்தண்ணீர் வடிவதற்கு விட்ட ஓட்டைகள் வரிசையாக ஒழுகிக்கொண்டிருந்தன, இரண்டைத் தவிர. அவற்றில் புல்லும் மண்ணும் மண்டி அடைத்திருந்தன; உள்ளே தண்ணீர் தேங்கினால் சுவரைத் தள்ளிவிடும். வனிதா குடையை மடக்கிக் கீழே வைத்தாள். ஒரு குச்சியை ஒடித்து ஒன்றுக்குள் விட்டுக் குத்தினாள். வரவில்லை. விரலை விட்டுத் தோண்டினாள். வேரோடு ஒரு பிடி புல் கையோடு வந்தது. உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் பீறிட்டு அவள் முட்டியிலும் பாதங்களிலும் அடித்தது. அவள் நகரவில்லை. நனைந்தபடியே குனிந்து, அடைத்திருந்த அடுத்த ஓட்டைக்குள் விரலை விட்டாள்.