மூன்று பேர் ஆடிய போல்கா

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் கிளினிக்கில் நான் பிசியோதெரபி உதவியாளன். நோயாளியின் காலை மடக்கலாம், நீட்டலாம், செல்லமாகத் திட்டலாம். ஆனால் "வாக்கரை விட்டுவிட்டு நடங்கள்" என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அதை என் மேற்பார்வையாளர், பிசியோதெரபிஸ்ட் வெர்லின் மேடம்தான் சொல்ல வேண்டும். அதுவும் நோயாளி ஆறாவது முறை சிகிச்சைக்கு வரும்போது, அவரே நேரில் சோதித்த பிறகு. கடவுளே இறங்கி வந்தாலும் அந்த அம்மாள் விதியை மாற்ற மாட்டார்.

என் நோயாளி ஹார்லனுக்கு அறுவை செய்து முட்டி மாற்றிச் சில வாரம். சனிக்கிழமை மகள் டெல்லாவின் கல்யாணம். அவளோடு ஜோடியாகக் குதித்தாடும் போல்கா நடனம் ஆடியே தீருவேன் என்று நின்றார். ஆறாவது முறை வெள்ளிக்கிழமை. அன்று பார்த்துப் பனி கொட்டிச் சாலையை மூடிவிட்டது. மேடம் வரவில்லை.

"லெஸ்டர், நீயே சரின்னு சொல்லேன்டா. யாருக்குத் தெரியப்போவுது?"

"என் வேலை போயிடும் ஹார்லன்."

"வாக்கரோட ஆடினா என் பொண்ணு எங்கடா நிப்பா?"

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாட்டு தொடங்குகிற நேரம், தலையெல்லாம் பனியோடு மேடம் நுழைந்தார்.

"நகருங்க, நகருங்க! ஆறாவது முறையை இங்கேயே முடிச்சிடலாம்."

கேக் மேசைக்குப் பக்கத்தில் ஹார்லனை உட்காரவைத்து, கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து முட்டியை அளந்தார். நடக்கவிட்டார், திருப்பினார்.

"ஆடலாம். ஆனா பின்னாடி ஆள் பிடிச்சுக்கணும். லெஸ்டர், இந்தப் பட்டையை இவர் இடுப்புல மாட்டு."

"நானா? கல்யாணத்துலயா?"

"பின்னே? நான் மேற்பார்வை பண்ண வேணாமா?" என்று கேக் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

ஹார்லனின் கோட்டுக்கு மேல், விழாமல் பிடித்துக்கொள்ள இடுப்புப் பட்டை. முன்னால் அப்பாவும் மகளும், பின்னால் பட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தபடி நான். "மாப்பிள்ளை இவரா?" என்று என்னைக் காட்டி ஒரு அத்தை கேட்டாள். "நான்தாங்க!" என்று எங்கிருந்தோ மாப்பிள்ளை அலறினான்.

பாட்டு முடிந்தும் ஹார்லன் மகளை விடவில்லை. "இன்னொண்ணு?" என்றார். நான் மேடத்தைப் பார்த்தேன். வாய் நிறையக் கேக்கோடு ஒரு விரலைக் காட்டினார்.

இரண்டாவது பாட்டில் ஹார்லன் விழவில்லை, அழுதார். பட்டையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடி, யாரையும் கேட்காமல் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.